ஆயிரம் கெஜத்துக்கு ஒரு துப்பாக்கி

ஆயிரம் கெஜம் என்பது 914 மீட்டர். அந்தத் தொலைவில் நிறுத்துகிற இலக்கு ஆறடிக்கு ஆறடி. நடுவில் 44 அங்குலக் கறுப்பு வட்டம். அதற்குள் பத்துப் புள்ளி தரும் வளையம் 20 அங்குலம், அதற்கும் உள்ளே ‘எக்ஸ்’ என்கிற நடுவளையம் 10 அங்குலம். .308 வின்செஸ்டர் தோட்டாவிலிருந்து 175 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்பினால், அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 1.7 நொடி பிடிக்கும். 100 கெஜத்துக்கு நேர்படுத்தி வைத்த துப்பாக்கி என்றால், 1000 கெஜத்தில் அந்தக் குண்டு குறியிலிருந்து பத்து மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே காற்றடித்தால் பக்கவாட்டிலும் எட்டடி தள்ளிப்போகும். போய்ச் சேரும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

இத்தனையையும் கணக்கில் கொண்டுவந்து, தரையில் குப்புறப் படுத்தபடி அந்தப் பத்து அங்குலத்துக்குள் குண்டை இறக்குவதுதான் நெடுந்தொலைவுக் குறி சுடுதல் என்னும் விளையாட்டு. இதில் எதிரி என்று யாருமில்லை; காகித அட்டையும் காற்றும்தான்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கை பழகியவன். இப்போது அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் இயந்திரப் பாகங்கள் கடையும் வேலை. குடியுரிமை கிடைத்த பிறகு, வேலையிடத்தில் பழக்கமான ஒரு பெரியவர் என்னைக் குறி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஓய்வுபெற்ற பொறியாளர், பள்ளிக்கூட வயதிலிருந்தே சுடுகிறவர். அன்றிலிருந்து இது என்னை விட்டுப் போகவில்லை. எஃகை ஆயிரத்தில் ஒரு அங்குலம் வரை அளந்து பழகிய கைக்கு இந்த விளையாட்டு உடனே பிடித்துவிடும்.

எங்கள் கிளப்புக்கு இப்போது நம் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். பெரும்பாலும் கணினி வேலை; கையில் கொஞ்சம் பணமும் நிறைய ஆர்வமும் உண்டு. கடையில் கனத்த பேரல் போட்ட ஒரு போல்ட் ரைஃபிள், ஒரு ஸ்கோப் வாங்கியிருப்பார்கள். மூன்றாம் மாதம் கேள்வி வரும். போன வசந்தத்தில் ஈரோட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: “ஏனுங்கண்ணா, துப்பாக்கி சரியா சேர்ந்து விழ மாட்டேங்குது. பேரலை மாத்தீரட்டுங்களா, இல்ல 6.5-க்குப் போயிரட்டுங்களா?”

“பேரல் இருக்கட்டும் தம்பி. நீ சுட்ட அட்டையை எடுத்துட்டு வா, பார்க்கலாம்” என்றேன்.

அவன் கொண்டுவந்த அட்டைகளில் மூன்று மூன்று ஓட்டைகள். ஒன்றில் மூன்றும் ஒட்டிக்கொண்டு இருந்தன. இன்னொன்றில் இரண்டு அங்குலம் பிரிந்து கிடந்தன. மூன்று தோட்டாவை வைத்துத் துப்பாக்கியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நல்ல துப்பாக்கியும் சில வேளை மூன்றை விரித்துப் போடும், சுமாரானதும் சில வேளை மூன்றை ஒரே ஓட்டையில் போடும். பத்துத் தோட்டாவை ஒரே அட்டையில், பேரல் சூடேறாமல் இடைவெளி விட்டுச் சுட வேண்டும். ஓரத்து ஓட்டை இரண்டுக்கும் இடையில் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அந்த அளவுதான் துப்பாக்கியும் தோட்டாவும் சுடுகிறவரும் சேர்ந்த உண்மையான கணக்கு. பட்டறையில் டயல் வைத்துப் பார்க்காமல் யாரும் ஒரு சாமானை மறுபடி கடையப் போவதில்லை. துப்பாக்கிக்கும் அதே வழிதான்.

இந்த அளவைக் கோண நிமிடத்தில் சொல்வார்கள். ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது 1.047 அங்குலம், 1000 கெஜத்தில் 10.47 அங்குலம். மைதானத்தில் எல்லாரும் ‘எம்.ஓ.ஏ.’ என்றே சொல்வார்கள். பத்துத் தோட்டாவும் ஒரு எம்.ஓ.ஏ.-வுக்குள் விழுகிற துப்பாக்கி, காற்றே இல்லாத நாளில், 1000 கெஜத்தில் 20 அங்குல வளையத்தை விட்டு வெளியே போகாது. இதை அந்தப் பையனிடம் சொன்னபோது அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கடையில் வாங்கிய துப்பாக்கியே, ஒழுங்காகப் பூட்டி நல்ல தோட்டா போட்டால், அந்த அளவுக்கு வந்துவிடும். அங்கிருந்து அரை எம்.ஓ.ஏ.-வுக்குக் கொண்டுபோவதற்குத்தான் ஆயிரக்கணக்கில் டாலர் போகிறது. ஆனால் காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாக மதிப்பிட்டால் .308 குண்டு ஒன்பது, பத்து அங்குலம் விலகிவிடும். மிச்சப்படுத்திய அந்த அரை எம்.ஓ.ஏ. அங்கேயே கரைந்துபோகும்.

ஆகவே என் வரிசையில் திருகாணிதான் முதலில் வரும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள், அவை உட்கார்ந்திருக்கும் தண்டு, துப்பாக்கியின் உலோக உடலைக் கட்டையோடு சேர்க்கும் இரண்டு பெரிய திருகுகள். இவற்றில் ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பேரல் போட்டாலும் பயனில்லை. கைக்கு வந்த இறுக்கத்தில் முடுக்குவதும் கூடாது. ஸ்கோப் வளையத் திருகுக்கு 15-லிருந்து 18 அங்குல-பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். அலுமினியச் சட்டத்தில் உட்காரும் துப்பாக்கியின் உடல் திருகுக்கு 65 என்பது வழக்கம். இதற்கென்று அளவு காட்டும் முடுக்கி இருக்கிறது, விலை நூறு டாலருக்குள். ஈரோட்டுப் பையனின் துப்பாக்கியில் பின்பக்கத் திருகு பாதி இறுக்கத்தில்தான் இருந்தது. அதைச் சரிசெய்த பிறகு சுட்ட பத்தும் முந்தைய அளவில் முக்கால் பங்குக்கு வந்துவிட்டது.

அடுத்தது கட்டை. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், ஏனென்றால் நல்ல துப்பாக்கிகள் கெட்ட பெயர் வாங்குவது இங்கேதான்.

விலை குறைவான ரைஃபிள்களில் கட்டை உள்ளீடற்ற பிளாஸ்டிக். முன்பக்கம் பைபாட் என்னும் இரண்டு கால் தாங்கியை மாட்டி, தோளால் கொஞ்சம் முன்னே தள்ளினால், அந்தப் பிளாஸ்டிக் வளைந்து பேரலைத் தொடும். பேரல் எதையும் தொடக் கூடாது. குண்டு உள்ளே ஓடும்போது எஃகுக் குழல் முழுவதும் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். ஒரு முறை தொட்டு, ஒரு முறை தொடாமல் இருந்தால் ஓட்டைகள் சிதறும். சோதிக்க ஒரு காகிதம் போதும். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் காகிதத்தை விட்டு, நுனியிலிருந்து அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கேயும் சிக்கக் கூடாது. பைபாடை ஊன்றி, எடையைப் போட்டபடியும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

என்னுடைய முதல் ரைஃபிள் பெயர்பெற்ற ஒரு கம்பெனியின் .308. அதன் கட்டையில் காகிதம் தடையில்லாமல் போனது, ஆனாலும் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தன. பட்டறைப் புத்திதான் கைகொடுத்தது. ஒரு டயல் கேஜைக் கட்டையின் நுனியில் காந்தத்தால் ஒட்ட முடியாது என்பதால், அதன் தாங்கியைப் பேரலில் கவ்வவைத்து, முள்ளைக் கட்டையின்மேல் நிறுத்தினேன். ஒரு உடல் திருகை மெல்லத் தளர்த்தினேன். முள் அசையக் கூடாது. ஆயிரத்தில் இரண்டு அங்குலத்துக்குமேல் நகர்ந்தால், உலோக உடலைக் கட்டை முறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். என் முள் அதைப்போலப் பல மடங்கு ஓடியது.

இதற்கு மருந்து எபாக்சி. நம் ஊரில் அரால்டைட் என்று எல்லாருக்கும் தெரிந்த பசையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், எஃகுத் தூள் கலந்து வரும். கட்டையின் உட்குழிவைக் கொஞ்சம் செதுக்கி, திருகு போகும் இடங்களில் அலுமினியக் குழாய்த் துண்டுகளை நிறுத்தி, பசையை நிரப்பி, துப்பாக்கி உடலுக்கு மெழுகு பூசி அதன்மேல் உட்காரவைத்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மெழுகை ஒரு மூலையில் பூச மறந்தாலும் உடல் கட்டையோடு சேர்ந்தே இறுகிவிடும். அதனால் அந்த வேலையை அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் செய்தேன். பிரித்தபோது உடலின் ஒவ்வொரு வளைவும் எபாக்சியில் அச்சாகப் பதிந்திருந்தது. டயலை மறுபடி வைத்துத் திருகைத் தளர்த்தினேன். முள் அசையவே இல்லை. அந்த மகிழ்ச்சியைக் கடைசல் வேலை தெரிந்தவர்கள் அறிவார்கள். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் அலுமினியச் சட்டம் ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். அதுவும் நல்ல செலவுதான். சட்டத்தில் இன்னொரு வசதி, கன்னம் படும் இடத்தின் உயரத்தையும் தோளுக்கு வரும் நீளத்தையும் திருகி வைத்துக்கொள்ளலாம். கழுத்தை நீட்டிக்கொண்டு ஸ்கோப்பைத் தேடுகிறவருக்கு இருபதாவது தோட்டாவில் கண் களைத்துவிடும்.

தோட்டா விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இருப்பதிலேயே மலிவான தோட்டாவைப் போட்டுவிட்டுப் பேரலைக் குறைசொல்வது நியாயமில்லை. போட்டித் தரத் தோட்டா ஒன்று ஏறக்குறைய இரண்டு டாலரைத் தொடும். விலைக்குக் காரணம் உண்டு. 1000 கெஜத்தில் குண்டின் வேகம் முக்கியம். ஒவ்வொரு முறையும் அதே வேகம் வருகிறதா என்பது அதைவிட முக்கியம். ஒன்று நொடிக்கு 2600 அடியிலும் அடுத்தது 2570 அடியிலும் கிளம்பினால், இலக்கில் இரண்டாவது ஏறக்குறைய பத்து அங்குலம் கீழே விழும். சுடுகிறவர் மூச்சை எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. வேகத்தை அளக்கும் சின்ன ரேடார் கருவிகள் இப்போது உள்ளங்கை அளவில் வந்துவிட்டன. புதுப் பேரலுக்கு முன்னால் அதை வாங்குங்கள் என்றே நான் சொல்வேன். நாளடைவில் பலரும் காலிப் பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்துத் தாங்களே மருந்து நிறுத்துத் தோட்டா கட்டுகிறார்கள். நானும் கட்டுகிறேன். மழைக்காலத்து இரவுகளுக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. ஆனால் அச்சிட்ட அளவுப் புத்தகத்தை விட்டு ஒரு கிரெயினும் விலகக் கூடாது. .308 தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கும் காரியம் அது.

டிரிக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் வரும் டிரிக்கர் மூன்றரை, நாலு பவுண்டு கனம் இருக்கும். போட்டிக்கு இரண்டு பவுண்டுக்குள், சொரசொரப்பில்லாமல் பட்டென்று விடுவது நல்லது. மாற்றிய பிறகு, உள்ளே தோட்டா இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு, போல்டை அடித்துச் சாத்தியும் துப்பாக்கியின் அடிப்பாகத்தைத் தரையில் தட்டியும் தானாக விடுகிறதா என்று பார்க்க வேண்டும். விட்டால் அதை மைதானத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனால் டிரிக்கருக்குச் செலவழிக்கும் முன் செலவில்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, வெற்றுத் துப்பாக்கியால் சுவரிலுள்ள புள்ளியைக் குறிபார்த்து விசையை அழுத்திப் பழகுவது. விசை விட்ட பிறகும் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு புள்ளியிலேயே நிற்க வேண்டும். நம் நாட்டின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் வீரர்களுக்கு இது அன்றாடப் பாடம். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றதும் அந்தப் பத்து மீட்டரில்தான். அங்கே பழகிய கை ஆயிரம் கெஜத்திலும் ஆடாது.

ஸ்கோப்புக்கு வருவோம். நிறையப் பேர் உருப்பெருக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். 25 மடங்கு, 30 மடங்கு என்று. வெயில் ஏறினால் கானல் அசைவதும் அத்தனை மடங்கு பெரிதாகித் தெரியும், அவ்வளவுதான். நான் பார்ப்பது அதன் மேல்பக்கத்திலுள்ள குமிழை. 1000 கெஜத்துக்கு .308-ஐக் கொண்டுபோக அதை ஏறக்குறைய 37 எம்.ஓ.ஏ. மேலே திருப்ப வேண்டும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. ஓடக்கூடிய ஸ்கோப்பை நடுவில் நேர்படுத்தினால் மேலே 30-தான் மிஞ்சும், எட்டாது. அதற்காகத்தான் 20 எம்.ஓ.ஏ. முன்சாய்வு வைத்துச் செய்த தண்டு விற்கிறார்கள். ஸ்கோப்பையே மாற்றும் முன் அந்தத் தண்டை மாற்றிப் பாருங்கள்.

குமிழ் சொன்ன அளவுக்குத்தான் உண்மையில் நகர்கிறதா என்பது அடுத்த கேள்வி. நீளமான காகிதத்தில் தூக்குக்குண்டு விட்டு நேர்கோடு ஒன்று வரைகிறோம். 100 கெஜத்தை நாடாவால் அளந்து அங்கே நிறுத்துகிறோம். கோட்டின் அடியிலுள்ள புள்ளியைக் குறிபார்த்துச் சிலது சுட்டு, குமிழில் 30 எம்.ஓ.ஏ. ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து மறுபடி சுடுகிறோம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் 31.4 அங்குலம் இருக்க வேண்டும். முப்பதரைதான் இருக்கிறது என்றால் குமிழ் நூற்றுக்கு மூன்று குறைகிறது. 1000 கெஜத்தில் அது பதினோரு அங்குலப் பிழை. ஓட்டைகள் கோட்டை விட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து ஏறினால் ஸ்கோப் நேராக உட்காரவில்லை. துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் 1000 கெஜத்தில் ஏழு அங்குலம் விலகும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போன்ற சின்னக் குமிழியை ஸ்கோப்பின்மேல் மாட்டிக்கொள்வது அதற்குத்தான். இந்த விளையாட்டில் மிகக் குறைந்த காசுக்கு மிக அதிகம் தருவது அந்தக் குமிழி.

பேரல் கடைசி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது எப்படியும் தேய்ந்து மாறப்போகிற பாகம். சூடான வாயு குழலின் தொண்டைப் பகுதியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அரிக்கிறது. .308 பேரல் போட்டித் தரத்தில் சுமார் 5000 தோட்டா தாங்கும். 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். அந்தப் பையன் கேட்ட ‘6.5’ இதுதான். நல்ல தோட்டாதான், மறுக்கவில்லை. குண்டு ஒல்லியாக நீண்டிருப்பதால் காற்றை நன்றாகக் கிழிக்கும்; .308 எட்டடி தள்ளிப்போகிற காற்றில் இது ஏறக்குறைய ஆறடிதான் போகும். தோளில் உதையும் குறைவு. ஆனால் முதல் பேரலில் உயிர் இருக்கும்போதே அதைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த 5000 தோட்டாவும் சுட்டுத் தீர்வதற்குள் காற்று என்றால் என்ன என்று கொஞ்சம் புரிந்துவிடும். உதவி குறைந்த தோட்டாவில் கற்றவருக்கு உதவி கூடிய தோட்டா பிறகு கையில் நிற்கும். தவிர .308-க்கென்றே போட்டிகள் இருக்கின்றன. ‘எஃப்’ வகுப்புப் போட்டியை உருவாக்கியவர் கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன். வார்ப்பட்டையால் துப்பாக்கியைக் கையோடு கட்டிப் பிடிக்க முடியாத வயதுக்காரர்கள் தாங்கி வைத்துச் சுட அவர் வழிசெய்தார். அதன் ‘எஃப்-டி.ஆர்.’ பிரிவில் .223, .308 இரண்டுக்கு மட்டுமே அனுமதி. துப்பாக்கி, ஸ்கோப், பைபாட் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உலகப் போட்டி வரை அந்தப் பிரிவில் நடக்கிறது.

பேரல் மாற்றும் நாள் வந்தால் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல குழல், அதைவிட நல்ல கடைசல்காரர். தோட்டா உட்காரும் அறையைக் குழலின் துளைக்கு மையம் பிசகாமல் குடைய வேண்டும். பத்தாயிரத்தில் ஓரிரண்டு அங்குலம் வரை டயல் வைத்துப் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் மாதக்கணக்கில் வரிசை நிற்கும். காத்திருங்கள்.

கருவி முன்னேறியதால்தான் இந்த விளையாட்டே அமெரிக்காவில் வேரூன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் கிரீட் என்பவரின் பண்ணை நிலத்தில் 1873-ல் கிரீட்மோர் மைதானம் திறந்தார்கள். 6.5 தோட்டாவுக்குப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று, உலகத்தில் தலைசிறந்தவர்களாக இருந்த அயர்லாந்து அணி அங்கே வந்தது. 800, 900, 1000 கெஜம். அணிக்கு ஆறு பேர். அயர்லாந்துக்காரர்கள் கையில் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ரிக்பி துப்பாக்கிகள். ஆயிரம் கெஜம் சுட்டுப் பழக்கமே இல்லாத அமெரிக்கர்களுக்காக ரெமிங்டன், ஷார்ப்ஸ் கம்பெனிகள் பின்வழியே தோட்டா போடும் புது ரைஃபிள்களைச் செய்து கொடுத்திருந்தன. கடைசித் தோட்டாவுக்கு முன் அயர்லாந்து 931, அமெரிக்கா 930. சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடைன். சற்று முன்புதான் இஞ்சிப் பானப் பாட்டில் வெடித்து அவர் கை கிழிந்திருந்தது. ரத்தம் ஒழுகும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். நடுவட்டம், நாலு புள்ளி. 934-க்கு 931.

ஆனால் அந்தக் கணக்குக்குள் இன்னொன்று இருக்கிறது. அயர்லாந்தின் மில்னர் என்ற வீரர் அன்றைக்கு ஒரு குண்டை அற்புதமாக நடுவட்டத்தில் இறக்கினார், பக்கத்து இலக்கின் நடுவட்டத்தில். அதற்குப் பூஜ்யம். போன புள்ளி நாலு, தோற்றது மூன்றில். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்கிறேன். ஒவ்வொரு முறை சுடும் முன்னும் இலக்கின் எண் பலகையைப் படிக்கச் சொல்கிறேன். அதற்கு எந்தக் கடையிலும் பாகம் விற்பதில்லை.

எங்கள் மாநிலத்து எரீ ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகளுக்குப் பேர்போன இடம். ஏரியைப் பார்த்துச் சுட வேண்டும். பின்னால் தண்ணீர் எல்லைக்குள் படகு ஏதாவது வந்துவிட்டால், அது போகும்வரை எல்லாரும் நிறுத்த வேண்டும். அங்கே சுடுகிறவர்களே முறைவைத்து இலக்கின் கீழுள்ள குழிக்குள் நின்று அட்டையை இறக்கி, ஓட்டையில் அடையாளத் தட்டைச் செருகி, மறுபடி ஏற்றுவார்கள். தலைக்குமேல் குண்டு கடக்கும் ‘பட்’ என்ற வெடிப்பு முதலில் கேட்கும். ஒரு நொடி கழித்துத்தான் தொலைவிலிருந்து துப்பாக்கியின் ஓசை வரும். புதியவர்கள் குழியில் ஒரு காலை நேரம் நின்றால் நிறையத் தெரிந்துகொள்வார்கள். விலையுயர்ந்த துப்பாக்கிகளின் அட்டையும் சாதாரணத் துப்பாக்கிகளின் அட்டையும் மேலும் கீழும் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. இடம் வலமாகத்தான் விரிகின்றன. அது காற்று.

காற்றைப் படிக்கக் கொடிகள் இருக்கின்றன. கம்பத்துக்கும் கொடிக்கும் உள்ள கோணத்தை நாலால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று தோராயமாக வரும். தொலைநோக்கியில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்; நேராக மேலே கொதிப்பதுபோல் நின்றால் காற்று திசை மாறப்போகிறது என்று பொருள், அப்போது விசையைத் தொடக் கூடாது. என்னை இங்கே கூட்டிவந்த பெரியவர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் காற்று, குமிழின் அளவு, விழுந்த இடம் மூன்றையும் பென்சிலால் நோட்டில் குறிப்பார். இன்றைக்கும் எங்கள் கிளப்பில் அவரைக் காற்றில் வெல்ல ஆளில்லை. அவர் ரைஃபிள் என்னுடையதைவிடப் பழையது.

ஈரோட்டுப் பையன் கடைசியில் வாங்கியது அளவு முடுக்கி, ரசமட்டக் குமிழி, 20 எம்.ஓ.ஏ. தண்டு, ஒரு பெட்டி நல்ல தோட்டா, ஒரு நோட்டு. கட்டைக்கு எபாக்சி வேலையை என் கொட்டகையில் சேர்ந்து செய்தோம். பேரல் பழையதே. இந்தக் கோடையில் 600 கெஜத்துப் போட்டியில் இருபது தோட்டாவில் பெரும்பகுதி பத்து வளையத்துக்குள் விழுந்தது. விழாதவை எல்லாம் காற்று மாறியபோது விட்டவை. நோட்டில் அவனே எழுதிவைத்திருந்தான்.

உங்களில் யாராவது இந்த விளையாட்டுக்குள் வந்தால் ஒரு வேண்டுகோள். நாளைக்கு இரண்டாவது ரைஃபிள் வாங்கினாலும் முதல் ரைஃபிளை விற்றுவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு குணமும் நோட்டில் இருக்கிறது. மைதானத்துக்குப் புதிதாக வந்து நிற்கும் பிள்ளைக்கு, தோட்டா அறைக்குள் பாதுகாப்புக் கொடி செருகிக் காலியாக இருப்பதைக் காட்டி, காதுக்கு மூடி கொடுத்து, பக்கத்தில் படுத்துக் காற்றைச் சொல்லி, முதல் பத்துத் தோட்டாவை அதில் சுடவிடுங்கள்.